மாமாவின் இரண்டாயிரம் ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சங்ககிரியில் என் மாமா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். 38 லாரிகள் அவரிடம் லோடு எடுக்கின்றன. எல்லாம் வேறு வேறு ஓனர்களுடையவை. போன மாத லோடுகளை வைத்து ஒரு கணினி நிரல் எழுதினேன். லாரிக்கு ஒரு ஏஜென்ட், அதாவது அந்த லாரிக்காகப் பேரம் பேசும் சிறு மென்பொருள். லோடு வந்ததும் அறிவிப்பு போகும், ஏஜென்ட்கள் விலை சொல்லும், குறைந்த விலை சொன்னதற்கு லோடு முடிவாகும். மாமாவிடமோ ஒழுங்கே கிடையாது. காலை ஏழு மணிக்கு ஒருவருக்குச் சொன்ன லோடைப் பத்து மணிக்குப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பார். "அதை விட்டுட்டு நீ தூத்துக்குடி போப்பா, கூட ரெண்டாயிரம் போட்டுத் தர்றேன்" என்று போனில் கத்திக்கொண்டே இருப்பார். ஆனாலும் மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் லோடு இல்லாமல் ஓடும் காலி ஓட்டம் என் நிரலைவிட அவருக்குத்தான் குறைவு. ஏஜென்ட்களுக்குச் சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரியை இணைத்தால் சரியாகுமா? ஏஜென்ட்கள் எழுதுவதற்கென்றே இருக்கும் ஜேட் மென்பொருள் தளத்துக்கு மாற வேண்டுமா? மாமா மாதிரி புரோக்கர்கள் இல்லாமல் இந்தத் தொழில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் நிரல் தோற்றுப்போன கணக்கை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனம் இருப்பதால்தான் இந்தப் பதில் நீள்கிறது. ஆனால் "ஒழுங்கே கிடையாது" என்று எழுதினீர்களே, அதற்கு உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் தேடுகிற வழிமுறை உங்கள் கடிதத்திலேயே, மாமா போனில் கத்துகிற அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைக் காதால் கேட்டு, கையால் எழுதி, இரைச்சல் என்று ஒதுக்கியும் விட்டீர்கள்.

மொழி மாதிரி வேண்டாம். லோடு கொடுக்கும் பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தியிலிருந்து ஊர், டன், நேரம் பிரித்தெடுக்க அது உதவும். விலை சொல்லும் வேலையை அதனிடம் விடாதீர்கள். ஜேட் ஆனாலும் நீங்களே எழுதிய நிரல் ஆனாலும் இந்தப் பிழைக்கு வித்தியாசம் ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதியிருப்பது கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980இல் வெளியிட்ட ஒப்பந்த வலை முறை. அறிவிப்பு, ஏலக் கேட்பு, ஒப்படைப்பு என்று மூன்றே படி. கணினிகள் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதற்காக எழுந்த முறை அது. அந்தக் கணினிகளுக்குத் தனித்தனி ஓனர் கிடையாது, டீசல் செலவு கிடையாது, கொடுத்த வேலையைத் திரும்பக் கேட்டால் கோபமும் வராது. லாரிக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

ஒரு லாரி சேலத்தில் காலியாக நிற்கிறது, இன்னொன்று மதுரையில். காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லில் ஏற்ற வேண்டிய லோடு வருகிறது. மதுரை லாரி சுமார் 65 கிலோமீட்டர் காலியாகப் போனால் போதும். சேலத்து லாரி 170 போக வேண்டும். லோடு மதுரை லாரிக்கு முடிகிறது. எட்டரைக்குத் தூத்துக்குடி லோடு வருகிறது. மிச்சமிருப்பது சேலத்து லாரிதான். 370 கிலோமீட்டர் காலியாகப் போகிறது. ஆக மொத்தம் 435. மாற்றிப் போட்டிருந்தால் சேலத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு 170, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 135, மொத்தம் 305. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால் 26 லிட்டர் டீசல் வீண். இரண்டு ஏலத்திலும் குறைந்த விலைதான் ஜெயித்தது. உங்கள் நிரலில் தவறான வரி ஒன்றுகூட இல்லை. லோடு வந்த வரிசைதான் கெடுத்தது.

"முடிந்த லோடை மறுபடி ஏலம் விடுகிறேன்" என்பீர்கள். அதுவும் போதாது. இரண்டும் முழு லோடு. திண்டுக்கல் லோடைச் சேலத்து லாரிக்குக் கொடுத்தால் அதன் கையில் இரண்டு சேர்ந்துவிடும், மதுரை லாரி சும்மா நிற்கும். தூத்துக்குடி லோடை மதுரைக்குக் கொடுத்தாலும் அதே கதை. ஒவ்வொன்றாக நகர்த்தி நல்ல நிலைக்குப் போகவே வழியில்லை; ஒரே நேரத்தில் இரண்டும் கைமாற வேண்டும். டூமாஸ் சாண்ட்ஹோம் என்ற ஆய்வாளர் 1993இல் ஒப்பந்த வலைக்குள் கூடுதல் செலவுக் கணக்கைக் கொண்டுவந்தார். பிறகு ஒற்றை மாற்றம், கொத்து மாற்றம் (பல லோடு சேர்ந்து), பண்டமாற்று (லோடுக்கு லோடு), பலர் சேர்ந்த மாற்றம் என்று ஒப்பந்தங்களை நான்காகப் பிரித்து, ஒன்றின் வேலையை மற்றவை செய்ய முடியாது என்று காட்டினார். உங்கள் நிரலில் முதல் வகை மட்டும்தான் இருக்கிறது.

இனி அந்த ரெண்டாயிரத்துக்கு வருவோம். மாற்றிப் போட்டால் மதுரை ஓனருக்குக் காலி ஓட்டம் 65லிருந்து 135 ஆகிறது, 70 கூடுகிறது. அவர் ஏன் ஒப்புக்கொள்வார்? சேலத்துக்காரருக்கோ 200 குறைகிறது. காலி ஓட்டத்துக்குக் கிலோமீட்டர் 20 ரூபாய் என்று வைத்தால், மதுரைக்காரருக்கு 1,400க்கு மேல் வந்தால் நஷ்டமில்லை. சேலத்துக்காரர் 4,000 வரை விட்டுக்கொடுக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தத் தொகை கைமாறினாலும் இருவருக்கும் லாபம். உங்கள் மாமா சொன்ன ரெண்டாயிரம் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது! பணம் கைமாற வழி வைக்காத ஏஜென்ட் என்ன செய்யும்? தன் செலவு கூடுகிறது என்று பார்த்து, மறுத்துவிடும். 38 ஓனர்களும் வேறு வேறு ஆட்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே கம்பெனி லாரிகளாக இருந்தால் உத்தரவு போட்டு மாற்றலாம், இங்கே முடியாது.

எந்த இரண்டு லாரிகள் மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லா ஜோடிகளையும் பார்க்க நேரமாகும் என்று பயப்படாதீர்கள். 38 லாரிக்கு 703 ஜோடிதான். மூன்று பேர் சுற்றி மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் இன்னும் 16,872. சாதாரண லேப்டாப்புக்கு இது பொருட்டே இல்லை. ஒவ்வொரு புது லோடு முடிந்ததும் இந்தத் தேடலை ஓடவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. காலையில் லாரி நின்ற இடத்திலிருந்து கணக்குப் போடக் கூடாது, இப்போது நிற்கும் இடத்திலிருந்து போட வேண்டும். மதுரை லாரி திண்டுக்கல் பக்கம் 30 கிலோமீட்டர் போயிருந்தால், திண்டுக்கல்லுக்கு மிச்சம் 35, தூத்துக்குடிக்கு 165. அதன் ஓட்டம் 130 கூடுகிறது; சேலத்துக்குக் குறையும் 200இல் அதைக் கழித்தால், முன்பு 130ஆக இருந்த ஆதாயம் 70க்கு இறங்கிவிட்டது. தப்பான திசையில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆதாயத்தில் இரண்டு போகிறது. திண்டுக்கல்லை எட்டும்போது ஆதாயம் பூஜ்யம். மாமா பத்து மணிக்குள் கத்தி முடிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? ஆதாயம் 15 கிலோமீட்டருக்குக் குறைந்தால் மாற்றத்தைத் தொடாதீர்கள். தொட்டால், ஜிபிஎஸ் புள்ளி கொஞ்சம் ஆடினாலும் லோடுகள் அங்குமிங்கும் பறக்கத் தொடங்கிவிடும், டிரைவர் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார்.

ஆகவே லோடுக்கு இரண்டு நிலை வையுங்கள், தற்காலிகம், உறுதி என்று. ஏலம் ஜெயித்தால் தற்காலிகம்தான். லாரி ஏற்றுமிடத்தின் வாசலுக்கு வந்ததும் உறுதி. அதற்குப் பிறகு மாற்றினால் சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணைத் திருத்த வேண்டும்; ஏற்றியும் விட்டால் இறக்கி ஏற்றும் கூலி வேறு. அந்தப் பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு நிலை இருந்தால் இன்னொரு தொல்லையும் தீரும். 60 டன் கேட்கும் பார்ட்டிக்கு 16 டன் வண்டி நான்கு வேண்டும். மூன்றை உறுதி செய்துவிட்டு நான்காவது கிடைக்காவிட்டால் பார்ட்டியிடம் என்ன சொல்வீர்கள்? ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் பிஷர், முல்லர், பிஷெல் மூவரும் 1990களில் செய்த மார்ஸ் என்ற சரக்குப் போக்குவரத்து ஏஜென்ட் அமைப்பில் இதற்காகவே தற்காலிக ஒப்படைப்பு என்ற படியைச் சேர்த்தார்கள். முழு டன்னும் நிரம்பும்வரை எதுவும் உறுதியாகாது. அதன் மேல் லாரிகள் தமக்குள் லோடு விற்று வாங்கும் சந்தைச் சுற்றும் உண்டு. மாமாவின் போனும் அதே சந்தைதான்.

புரோக்கர்கள் இல்லாத நாள் என்கிறீர்கள். பார்ட்டியிடமிருந்து பணம் வர வாரக்கணக்கில் ஆகும்போது லாரிக்கு அட்வான்ஸ் போடுவது யார்? உங்கள் ஏஜென்ட் போடுமா? உங்களைப் படிக்கவைத்த ஆபீஸ் அதுவாகவும் இருக்கலாம். புரோக்கர் என்ற சொல்லை இனி வசையாக எழுதாதீர்கள்.

போன மாதக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். முதலில் மாமா பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். யாரிடமிருந்து எடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எத்தனை மணிக்கு, கூட எவ்வளவு போட்டார் என்று ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரல் செய்யும் மாற்றங்களை அதனுடன் வரிசையாக வைத்துப் பாருங்கள். மாமா செய்து நிரல் செய்யாத மாற்றங்களை எனக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அவை ரிட்டர்ன் லோடு கிடைக்காத ஊர்களாக இருக்கும்; அந்த ஊர்களுக்கு ஏஜென்ட் சொல்லும் விலையில் திரும்பி வரும் காலி ஓட்டத்தைச் சேர்த்தீர்களா என்று அதற்குள் பார்த்துவையுங்கள்.