எலியும் வைக்கோற்போரும்

கேள்வி: ஸ்டாலின்கிராடில் ஹிட்லர் எப்படிக் கோட்டை விட்டார்? ரஷ்யப் பனி மட்டும் குறுக்கே வராவிட்டால் ஜெயித்திருப்பார்தானே?
— வாசகர் ஒருவர், வீரவநல்லூர்

பதில்: விடுவதற்கு முதலில் கோட்டை என்று ஒன்று இருக்க வேண்டாமா, அண்ணாச்சி? ஸ்டாலின்கிராடில் அது கிடையாது. வோல்கா ஆற்றின் மேற்குக் கரையோரம் நாடா மாதிரி நீண்டு கிடந்த ஆலை நகரம் அது. டிராக்டர் ஆலை, பீரங்கி ஆலை, உருக்காலை, நடுவே மமாயெவ் குர்கான் என்ற மேடு. அங்கே கோட்டை கட்டிக் கொடுத்ததே ஜெர்மன் விமானப்படைதான். 1942 ஆகஸ்ட் 23-ல் தொடங்கி ஊரை இடித்துக் குவித்தார்கள். தெரு இருந்தால் டாங்கி ஓடும். செங்கல் குவியலில் திணறும். நிலவறையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து அடித்துவிட்டுப் போய்விடுவான்.

சோவியத் தளபதி சுய்கோவ் தன் ஆட்களை எதிரியின் மூக்குக்கு அடியிலேயே நிறுத்தினார், கையெறி குண்டு எட்டும் தூரத்தில். மேலிருந்து குண்டு போட்டால் ஜெர்மன்காரன் தலையிலும் விழும் அல்லவா? வீட்டுக்குள் நுழைய ஏழெட்டுப் பேர் கொண்ட குழு. முதலில் ஜன்னல் வழியே குண்டு போகும், வெடித்த கையோடு ஆள் போவான். உள்ளே நீளத் துப்பாக்கியைத் திருப்ப இடமில்லை என்பதால் விளிம்பு தீட்டிய மண்வெட்டியும் கூடப் போகும்.

இடிந்ததை வைத்துச் சண்டை போடுவது நம் நெல்லைச் சீமைக்குப் புதிதா என்ன? பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணால் நாள் கணக்கில் எழுப்பினார். 1801 மார்ச் 31-ல் மோதிய கும்பெனிப் படை அடிபட்டுத் திரும்பியது. கோட்டை விழுந்தது மே 24-ல். கற்சுவர் குண்டு பட்டால் பிளக்கும்; மண்சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். செங்கோட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் ஓட்டப்பிடாரம் பக்கமும் ஒருமுறை போய் வரலாம்.

சரி, பனி. இந்தப் பக்கத்தில் பனிக்கட்சிக்காரர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. பனி என்ன, கட்சி பார்த்தா பெய்கிறது? ரஷ்யன் கம்பளி பூட்ஸ் போட்டிருந்தான். ஜெர்மன்காரனின் குளிர்கால உடுப்பில் பெரும்பகுதி எங்கோ பின்னால் கிடங்கில் கிடந்தது. ரயிலில் குண்டுக்கும் பெட்ரோலுக்கும்தான் முதல் இடம். அது பனியின் குற்றமா?

ரயில் என்றதும் பாதை அகலத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒருபக்கம் மீட்டர் பாதை, மறுபக்கம் நாகர்கோவில் அகலப்பாதை என்று நம் நெல்லை ஜங்ஷன் தவித்த காலம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரஷ்யப் பாதை 1524 மி.மீ., ஜெர்மன் பாதை 1435. மரக்கட்டையில் ஆணியைப் பிடுங்கி, ஒரு தண்டவாளத்தை 9 செ.மீ. உள்ளே தள்ளி அடித்தால் அகலம் சரியாகிவிடும். தண்ணீரில்தான் வினை. ரஷ்ய இன்ஜின் அதிகத் தண்ணீர் பிடிக்கும். அதனால் தண்ணீர்த் தொட்டிகளை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எட்ட எட்ட வைத்திருந்தார்கள். ஜெர்மன் இன்ஜின் பாதி வழியில் வறண்டு நிற்கும். புதிதாகத் தொட்டி கட்ட வேண்டும்.

இனி எலி. நவம்பர் 19-ல் சோவியத் படை, ஜெர்மானியரை நகரத்தில் தொடவில்லை; வடக்கே டான் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் கூட்டாளிகளான ருமேனியரை அடித்தது. ஏறக்குறைய 140 கி.மீ. காவல், கையில் பெரும்பாலும் 37 மி.மீ. பீரங்கி. சோவியத்தின் டி-34 டாங்கிமேல் அதன் குண்டு பட்டால் கதவைத் தட்டிய மாதிரி இருக்கும். அவர்களைத் தாங்கிப் பிடிக்கப் பின்னால் நின்றது 22-வது பான்சர் டிவிஷன், அதாவது ஜெர்மன் டாங்கிப் படைப்பிரிவு. பெட்ரோல் இல்லாததால் டாங்கிகளை வாரக்கணக்கில் கிளப்பாமல், குளிர் தாக்காதிருக்க வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். வைக்கோல் இருக்கும் இடத்துக்கு யார் வருவார் என்று அம்பாசமுத்திரத்து விவசாயியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எலி வந்தது, ஒயரின் மேலுறையைக் கடித்தது. கிளம்பு என்று உத்தரவு வந்த அன்று நூற்றுச்சொச்சம் டாங்கியில் பாதிக்குமேல் கிளம்பவில்லை. உலகப்போருக்குள்ளே ஒரு வைக்கோற்போர்! நம் ஊரில் அதைப் ‘படப்பு’ என்கிறோம் என்பதால் சிலேடை பாதி கெடுகிறது. போகட்டும். எலிக்கு எந்த நாடும் பதக்கம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நவம்பர் 23-ல் ஸ்டாலின்கிராட் ஜெர்மன் படையைச் சுற்றி சோவியத் வளையம் மூடியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். விமானத்திலேயே சோறு போடுவேன் என்றார் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங். அதே ஆண்டுத் தொடக்கத்தில் டெம்யான்ஸ்க் என்ற இன்னொரு ரஷ்ய ஊரில் இப்படியே வளையத்தில் மாட்டிய ஒரு லட்சம் பேருக்கு அப்படிப் போட்டுக் காட்டியதில் வந்த தைரியம். கணக்கைப் பாருங்கள். நாளுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். யுங்கர்ஸ்-52 விமானம் ஒன்று சுமப்பது 2 டன். அப்படியானால் 150 இறக்கம். டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரம். சுமார் மூன்று நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்கி, மூட்டை இறக்கி, காயம்பட்டவர்களை ஏற்றிப் பறக்க வேண்டும். நெல்லை வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலேயே அந்த ஒழுங்கு நடக்காது. வந்து சேர்ந்தது சராசரி நூறு டன்னைச் சுற்றித்தான். பனிக்கும் இங்கே பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: உறைந்த இன்ஜினைச் சூடாக்காமல் கிளப்ப முடியாது. ஆனால் விமானங்கள் கிளம்பிய தாட்சின்ஸ்காயா தளத்தை டிசம்பர் 24-லும், வளையத்துக்குள் அவை இறங்கிய பித்தோம்னிக் தளத்தை ஜனவரி 16-லும் பறித்தவை சோவியத் டாங்கிகள். தீவனமில்லை என்று குதிரைகளில் பெரும்பாலானவற்றை இலையுதிர் காலத்திலேயே மேற்கே அனுப்பிவிட்டதால், தப்பி ஓட நினைத்தாலும் பீரங்கியை இழுக்க ஆளில்லை. மிஞ்சிய குதிரைகள் சட்டிக்குப் போயின.

வளையத்துக்குள் இருந்த ஜெர்மன் தளபதி பௌலுஸை ஜனவரி 30-ல் பீல்டு மார்ஷலாக்கினார் ஹிட்லர். ஜெர்மன் பீல்டு மார்ஷல் எவரும் சரணடைந்ததில்லை, குறிப்பறிந்து சுட்டுக்கொள்வார் என்ற கணக்கு. மறுநாளே அவர் சரணடைந்தார். வடக்கே மிஞ்சியிருந்தவர்கள் பிப்ரவரி 2-ல். கைதிகள் சுமார் 91,000. வீடு திரும்பியவர்கள் ஆறாயிரம் பேருக்குள்தான், கடைசி ஆள் 1955-ல். காகசஸ் எண்ணெய்க்காகப் போன படையும் வால் சுருட்டித் திரும்பியது. அந்தப் பெட்ரோலுக்காகத்தானே இத்தனையும்!

வரைபடத்தில் தேடினால் வோல்கோகிராட் என்று தேடுங்கள். 1961-ல் ஸ்டாலின் பெயரை எடுத்துவிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பெயரையும் கும்பெனிக்காரன் வரைபடத்திலிருந்து எடுக்கத்தான் பார்த்தான்.