வாசகர் வட்டத் தளத்துக்கு ஹ்யூகோவா, ஜெக்கிலா, ஆஸ்ட்ரோவா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வாசகர் வட்டத்துக்கு ஒரு தளம், சில நூறு கட்டுரைகள், எல்லாம் தமிழில், மாதாமாதம் காசு கட்ட வழியில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறவர் நிரலாளர் இல்லை. எந்த ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டரை, அதாவது எழுதிய கோப்புகளிலிருந்து ஆயத்தமான வலைப்பக்கங்களை உருவாக்கித் தரும் கருவியை, எடுப்பது?

ஹ்யூகோவை எடுங்கள். ஆனால் எல்லாரும் சொல்கிற வேகத்துக்காக இல்லை. சில நூறு பக்கத்துக்கு எந்தக் கருவியும் போதுமான வேகத்தில்தான் ஓடும். தளத்தைத் தொடாமல் ஒரு வருஷம் விட்டுவிட்டு, திடீரென்று ஒருநாள் ஒரு அறிவிப்பு போட உட்கார்ந்தால் அது ஓடுமா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்த மாதிரித் தளங்கள் அப்படித்தான் பராமரிக்கப்படுகின்றன.

ஜெக்கில் 2008லிருந்து இருக்கிறது, கிட்ஹப்பின் தளம் ஏற்றும் சேவையான கிட்ஹப் பேஜஸ் அதை நேரடியாகவே ஏற்கும், டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் அச்சு) எழுதுவதும் எளிது. ஆனால் அடியில் ரூபி என்ற நிரல்மொழி இருக்கிறது. ரூபி 3.0 வந்தபோது வெப்ரிக் என்ற சிறு சர்வரை அதன் கூடவே வரும் நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான், தளத்தை நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க நேற்றுவரை உதவிய 'ஜெக்கில் சர்வ்' கட்டளை பிழை காட்டி நின்றுவிட்டது. தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைலில் வெப்ரிக்கை ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்தான். ஆனால் அந்த ஒரு வரி உங்கள் வட்டத்தில் யாருக்குத் தெரியும்?

ஹ்யூகோ கோ மொழியில் எழுதப்பட்டது, நிறுவ ஒரே ஒரு பைனரி கோப்பு, அதாவது அப்படியே ஓடும் கோப்பு. அந்தக் கோப்பையே தளக் கோப்புறையோடு சேர்த்து எடுத்து வையுங்கள். இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், ஏனென்றால் ஹ்யூகோ இன்னும் 1.0 பதிப்பைத் தொடவில்லை, புதுப் பதிப்புகளில் பழைய அமைப்புகளின் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், பழைய தீம் (ஆயத்தத் தள வடிவமைப்பு) சட்டென்று உடையும். பதிப்பை மாற்றாதவரை எந்தத் தொல்லையும் இல்லை. இன்னொரு குறை, அதன் டெம்ப்ளேட் மொழி கொஞ்சம் முரடு, அதில் வரும் '.' என்ற புள்ளி எந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்று பிடிபடவே நாளாகும். நீங்கள் ஒரு எளிய தீமை எடுத்து நிறத்தை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தமிழுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் முகவரியும் தமிழில் வரும், உலாவியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸாப்பில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறியும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் 3 பைட், ஒரு பைட் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும், ஆக 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 45 எழுத்து. அதனால் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பகுதியிலும் ஸ்லக் (முகவரியில் வரும் பெயர்) என்று ஒரு வரி போட்டு, ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். ஹ்யூகோவின் ரிமூவ்பாத்ஆக்சென்ட்ஸ் என்ற அமைப்பை மட்டும் இயக்கவே இயக்காதீர்கள், பிரெஞ்சு எழுத்துகளின் மேல்குறியை எடுப்பதுபோல நம் மெய்யெழுத்தின் புள்ளியையும் உதிர்த்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் ஆஸ்ட்ரோவும் லெவன்டியும் நல்ல கருவிகள். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒருவர் கூடவே இருப்பார் என்றால் நானே லெவன்டியைத்தான் சொல்வேன். இல்லையென்றால் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) பதிப்பு, அதன் என்பிஎம் பொதிகள் என்று பார்த்துக்கொள்ள வேண்டியது கூடிக்கொண்டே போகும்.

தேடல் வசதிக்கு பேஜ்ஃபைண்ட் என்ற கருவி போதும், தளம் உருவான பிறகு அதை ஒருமுறை ஓட்டினால் அட்டவணை தயாராகிவிடும், தேடல் வாசகரின் உலாவியிலேயே நடக்கும், சர்வர் வேண்டாம்.

அப்புறம், கட்டுரைகளைச் சுத்தமான மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) மட்டும் வையுங்கள். ஷார்ட்கோடுகளை, அதாவது ஹ்யூகோவுக்கு மட்டும் புரியும் குறுங்கட்டளைகளை, உள்ளே தூவிவிட்டால் பின்னால் வேறு கருவிக்கு மாறும்போது ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பிடுங்க வேண்டியிருக்கும்.