கண்ணாடியை மாற்றும் முன் பீடிங்கைப் பாருங்கள்: பழைய கார் விண்ட்ஷீல்டு கேள்வி-பதில்

கேள்வி: 1960களில் வந்த கார். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பி மேலே ஏறுகிறது. கல் எதுவும் அடிக்கவில்லை. ரெசின் (பொத்தலை நிரப்பும் திரவப் பசை) வைத்துச் சமாளிக்கலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மாற்றித்தான் ஆக வேண்டும். ரெசின் என்பது கல் தெறித்து நாணயம் அளவுக்கு விழுந்த பொத்தலுக்கானது. அதுவும் ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இல்லாவிட்டால்தான். ஓரத்தில் தொடங்கும் விரிசலுக்கு அது நிற்காது.

ஆனால் கண்ணாடியை ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விரிசல் தொடங்கும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். சின்னக் குழி தட்டுப்பட்டால் கல். குழியே இல்லையென்றால் கண்ணாடியை ஏதோ ஒன்று நெருக்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது பீடிங்குக்கு (கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை) அடியில் இருக்கும் தகட்டு விளிம்பில் பிடித்த துரு. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உப்பி உப்பிக் கண்ணாடியைத் தள்ளும். பழைய வெல்டிங் முடிச்சு, விபத்துக்குப் பின் சரியாக நிமிர்த்தாத ஃபிரேம், கல்லாக இறுகிப்போன பீடிங் ஆகியவையும் இதையே செய்யும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கண்ணாடி போட்டால் அதே இடத்தில் மறுபடி விரியும். அதனால் கழற்றுவதற்கு முன்பே விரிசல் தொடங்கும் இடத்துக்கு நேராக பாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். கழற்றிய பிறகு எங்கே தேடுவது என்று தெரியும்.

கேள்வி: என் காரில் கம்பெனியிலிருந்தே வந்தது டெம்பர்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடி. அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று அதையே தேடுகிறேன். சரியா?

அசல்தன்மைக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது. லேமினேட்டட் வாங்குங்கள். டெம்பர்டு முன்கண்ணாடியில் கல் பட்டால் ஒரு நொடியில் முழுவதும் பொடிப்பொடியாக விரிந்து வெள்ளையாகிவிடும். ஓடும் வண்டியில் எதிரே எதுவும் தெரியாது. லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் வழக்கமாக 0.76 மி.மீ. தடிமன் இருக்கும். விரிந்தாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்வையும் முழுதாகப் போகாது.

வாங்கும்போது மூலையில் உள்ள முத்திரையைப் படியுங்கள். அமெரிக்க முறையில் முன்கண்ணாடிக்கு ஏஎஸ்-1 (AS-1) என்ற குறி இருக்க வேண்டும். ஏஎஸ்-2 என்றிருந்தால் அது பக்கக் கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் உரியது. ஐரோப்பிய முறையில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் எண்ணும் இருக்கும். குறியே இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வெர்னியரால் பழைய கண்ணாடியின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். பீடிங்கின் பள்ளம் அந்தத் தடிமனுக்காகச் செய்யப்பட்டது. டெம்பர்டு போய் லேமினேட்டட் வரும்போது தடிமன் மாறினால் பீடிங்கும் அதற்கேற்ப வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

தட்டைக் கண்ணாடி வைத்த கார் என்றால் உங்களுக்கு யோகம். வாகனத் தர லேமினேட்டட் தகட்டை டெம்ப்ளேட் வைத்து வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வாங்கிக்கொள்ளலாம். (டெம்பர்டை வெட்டவே முடியாது, தொட்டவுடன் உதிர்ந்துவிடும்.) வளைந்த கண்ணாடிக்குத்தான் கவனம் தேவை. புதியதைப் பழையதன் மேல் போர்வை விரித்து வைத்துப் பாருங்கள். ஓரங்களில் மூன்று மி.மீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். அழுத்திப் பொருத்திவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால், அந்த அழுத்தம்தான் நாளைய விரிசல்.

கேள்வி: பழைய பீடிங் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பப் போடலாமா? அந்தக் காலத்துப் புதுப் பீடிங் ஒன்று, பிரிக்காமல் அப்படியே விற்பனைக்கு இருக்கிறதே?

இரண்டும் வேண்டாம். ரப்பர் அலமாரியில் சும்மா கிடந்தாலும் இறுகும். பிரிக்காத உறை அதன் வயதைக் குறைக்காது. இப்போது செய்த ஈபிடிஎம் (வெயிலையும் மழையையும் தாங்கும் செயற்கை ரப்பர்) பீடிங் வாங்குங்கள். மூலைகள் அச்சில் வார்த்ததாக இருந்தால் நல்லது. நேரான ரப்பரை வெட்டி ஒட்டியது என்றால் மூலையில் மடிந்து சுருங்கும், பீடிங்கின் மெல்லிய ஓரமான உதடு எழும்பி நிற்கும். அப்படிப்பட்டதுதான் கிடைக்கிறது என்றால், இழுத்துப் பொருத்தாமல் ஒரு சதவீதம் நீளம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் சில மாதங்களில் சுருங்கி, இணைப்பு வாய் பிளக்கும். இணைப்பைக் கீழ்ப்பக்க நடுவில் வையுங்கள்.

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து மாட்டப் பார்க்கிறோம். எப்படிச் செய்வது?

பீடிங் வைத்த காருக்கு மட்டும் சொல்கிறேன். பசை வைத்து ஒட்டிய கண்ணாடி என்றால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கழற்றும்போது பழைய பீடிங்கைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வைப்பர் கை, பின்னால் பார்க்கும் உள்கண்ணாடி, சன் வைசர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பீடிங்கின் வெளி உதட்டை பிளேடால் சுற்றிலும் அறுத்துவிடுங்கள். கண்ணாடி தானாக இளகும். பீடிங்கைச் சுற்றி ஓடும் பளபளப்பான குரோம் பட்டைகள்தான் பொக்கிஷம். அவை அலுமினியத்தில் செய்தவை என்றால், ஒருமுறை மடங்கினாலே அந்தக் கோடு போகவே போகாது.

அடுத்தது பாடியின் தகட்டு விளிம்பு. துருவைப் பளபளக்கும் இரும்பு வரை எடுத்து, ஓட்டை இருந்தால் தகடு வைத்து வெல்டு செய்து, எபாக்ஸி பிரைமர், பெயிண்ட். இங்கே பட்டி பூசாதீர்கள். விளிம்பு தடித்தால் பீடிங் உட்காராது. பெயிண்ட் முழுதாகக் காய்ந்த பின், பீடிங் இல்லாமல் கண்ணாடியை மட்டும் அந்த இடத்தில் பிடித்துச் சுற்றிலும் இடைவெளி ஒரே அளவா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. ஒரு மூலையில் நெருக்கம் தெரிந்தால் இப்போதே தட்டிச் சரிசெய்துவிடலாம்.

போர்வை விரித்த மேசையில் கண்ணாடியை வைத்துப் பீடிங்கை அதில் மாட்டுங்கள். வெந்நீரில் ஊறவைத்த ரப்பர் சொன்ன பேச்சு கேட்கும். குரோம் பட்டை சில கார்களில் மேசையிலேயே ஏற வேண்டும். பூட்டுப் பட்டை (பீடிங்கின் பள்ளத்தில் நுழைத்து அதை இறுக்கும் பட்டை) வைத்த பீடிங்கில் அது கடைசியில் ஏறும். உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பாருங்கள். பிறகு பாடி விளிம்பு நுழைய வேண்டிய பள்ளத்தில் நான்கு மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் அழுத்தி, இரு முனைகளையும் கீழ் நடுவில் சுமார் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விட்டுத் தொங்கவிடுங்கள். பள்ளத்திலும் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர். எண்ணெயோ கிரீஸோ தொடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

கயிற்று முனைகள் வண்டிக்குள் இருக்குமாறு கண்ணாடியைக் கீழ்ப்பக்கம் முதலில் உட்காரவைத்து, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். மற்றவர் உள்ளே கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி, ஐந்து ஐந்து செ.மீ. அளவாக இழுக்க வேண்டும். கயிறு வெளிவரும் இடத்துக்கு நேராகத்தான் வெளியில் அழுத்தம் விழ வேண்டும். கீழ் நடுவிலிருந்து இரண்டு மூலைகள், பிறகு பக்கங்கள், கடைசியாக மேல் ஓரம். மூலையில் உதடு ஏறாவிட்டால் மரம் அல்லது பிளாஸ்டிக் துண்டால் நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி கண்ணாடி ஓரத்தைத் தொட்டால் கதை முடிந்தது. நடுவில் விழும் அழுத்தத்தை இந்தக் கண்ணாடி ஓரளவு தாங்கும், ஓரத்தில் படும் சின்ன அடியைத் தாங்காது.

கேள்வி: ஒழுகாமல் இருக்கச் சுற்றிலும் சிலிக்கோன் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். வினிகர் வாடை வரும் சிலிக்கோன் காயும்போது அமிலம் விடும். பெயிண்ட் உரிந்த இரும்பு கிடைத்தால் துருவைத் தொடங்கிவைக்கும். ஈபிடிஎம் ரப்பரில் சரியாகப் பிடிக்கவும் செய்யாது. பின்னால் அந்த இடத்தில் பெயிண்ட் அடித்தால் குழி குழியாக விலகும். கண்ணாடி உட்கார்ந்து சோப்பு ஈரம் காய்ந்த பின், வெளி உதட்டுக்கு அடியில் இறுகாத வகை பியூட்டைல் சீலன்டைச் செலுத்தினால் போதும்.

கேள்வி: மாற்றிய பிறகும் கால் பக்கம் ஈரம். கடைக்காரர் கண்ணாடியில் குறையில்லை என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வைப்பர் அச்சின் ரப்பர், போனட்டுக்குப் பின்னால் உள்ள காற்றுத் துளை, கூரை ஓரத் தகட்டு இணைப்பு என எல்லாமே அதே இடத்தில்தான் ஒழுகும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். ஹோஸை மெதுவாகத் திறந்து, வைப்பர் அச்சில் தொடங்கி, கண்ணாடியின் கீழ் ஓரம், பக்கங்கள், மேல் ஓரம் என ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் பொறுத்து மேலே ஏறுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் நனைந்து எதுவும் தெரியாது.

கேள்வி: “கண்ணாடி உடைந்தால் பொறுப்பில்லை” என்று எழுதிக் கண்ணாடி மாட்டும் கடைக்காரர் கையெழுத்துக் கேட்கிறார்.

நீங்கள் கொண்டுவந்த பழைய கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதென்றால் அது நியாயமான கோரிக்கை. அதன் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவரே விற்ற புதுக் கண்ணாடிக்கு அப்படிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒழுக்குக்கு எத்தனை மாதப் பொறுப்பு, விளிம்பில் துரு தெரிந்தால் வேலையை நிறுத்தி உங்களைக் கூப்பிடுவாரா, குரோம் பட்டை மடங்கினால் யார் கணக்கு ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் பட்டைகளைப் படம் எடுத்து வையுங்கள். பார்சலில் வரும் கண்ணாடி என்றால் பெட்டியைப் பிரித்து நான்கு ஓரங்களையும் பார்த்த பிறகே டெலிவரி தாளில் கையெழுத்து. கொண்டுபோகும்போது நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைக்காதீர்கள்.

கேள்வி: வைப்பர் போட்ட கீறலைப் பாலிஷ் செய்து எடுக்க முடியாதா?

நகத்தில் தட்டாத மங்கல் என்றால் சீரியம் ஆக்சைடு (கண்ணாடி பாலிஷ் பொடி) வைத்துத் தேய்க்கலாம். நகம் மாட்டும் கீறலை எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியே குழிய வேண்டும். அந்த இடத்தில் எதிரே வரும் வண்டி நெளிந்து தெரியும்.