427 எஞ்சின் வைத்த கமாரோ: எதை நம்புவது?

பழைய வாகனங்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தம்பி கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறான். 1968ஆம் ஆண்டுக் கமாரோ கார் ஒன்றுக்கு அடுத்த கிழமை முற்பணம் கொடுக்கப் போகிறான். “அமெரிக்காவில் யென்கோ என்ற டீலர் தன் கராஜிலேயே 427 எஞ்சின் மாற்றி விற்ற கார் இது” என்று விற்பவர் சொல்கிறார். ஆனால் எஞ்சினில் உள்ள இலக்கம் காரின் இலக்கத்தோடு பொருந்தவில்லை. கேட்டால், “டீலர் மாற்றிய எஞ்சின் பொருந்தாதுதானே, அதுவே சாட்சி” என்கிறாராம். சாதாரணக் கமாரோவை விடப் பல மடங்கு விலை. நம்பலாமா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, இன்றைக்கே தம்பிக்கு போன் எடுத்து முற்பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆளை விழுத்தும்.

அந்தக் காலத்தில், செவ்ரோலே என்ற பெயரில் கமாரோவைச் செய்த ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி, அந்த அளவுள்ள கார்களுக்கு 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் போடக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. 427 என்பது 7 லீற்றர் எஞ்சின். கோர்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் பெரிய கார்களுக்கும்தான் அது கிடைக்கும். ஆனால் வாங்க வந்த இளைஞர்களுக்கு வேகம் வேண்டும். பென்சில்வேனியாவின் கெனன்ஸ்பேர்க்கில் டொன் யென்கோ, சிக்காகோவில் நிக்கி செவ்ரோலே, நியூயோர்க் பக்கம் போல்ட்வின்-மோஷன் என்று சில டீலர்கள் வழி கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலையிலிருந்து, பெரும்பாலும் 396 எஞ்சினோடு, வந்த புதுக் காரை உள்ளே தள்ளி, அதைக் கழற்றிவிட்டு 427ஐ இறக்கினார்கள். ஆகவே தொழிற்சாலைக் கடதாசியில் அந்த முதல் எஞ்சின்தான் இருக்கும். 427 பற்றி அங்கே ஒரு வரியும் இராது.

அதனால் 1967, 1968 யென்கோ கமாரோ என்றால் இலக்கம் பொருந்தாமல் இருப்பது இயல்பு. சரி, ஆனால் ஐம்பது வருடத்தில் யார் யாரோ எஞ்சின் மாற்றிய எந்தக் காரிலும் இலக்கம் பொருந்தாது. நம்மூரில் எத்தனை மொரிஸ் மைனரில் நிஸான் சன்னி எஞ்சின் ஓடுகிறது! அவை எல்லாம் ஒரு டீலர் செய்த அபூர்வ வண்டி என்றா சொல்கிறோம்? பொருந்தாத இலக்கம் எஞ்சின் மாறியது என்று மட்டுமே சொல்லும். மாற்றிய கை எது என்று சொல்லாது.

1969க்கு வந்தால் கதை தலைகீழ். அந்த வருடம் யென்கோ, கோப்போ 9561 என்ற விசேட கட்டளை வழியாக 427ஐத் தொழிற்சாலையிலேயே போடுவித்தார். டீலர் கராஜில் கோடுகளும் பெயர்ச்சின்னமும்தான் ஏறின. எனவே 1969 கார் என்றால் ப்ளொக்கில், அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பில், காரின் இலக்கத்தின் பின்பகுதி அடித்திருக்க வேண்டும். மனுவல் கியருக்கு எம்என், ஓட்டோமெட்டிக்குக்கு எம்ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் கூடவே இருக்கும். டீலர் பெயர் ஒன்றுதான், ஒரு வருட வித்தியாசத்தில் பார்க்கவேண்டிய சாட்சி மாறிவிடுகிறது. தம்பி வருடத்தை மனதில் வைத்துக்கொண்டே பார்க்கட்டும்.

இலக்கம் அடித்த இடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 90களில் நான் தோஹாவில் ஒரு கராஜில் வேலை செய்தேன். முதலாளி ஒரு 1969 கமாரோவைப் பெரிய காசு கொடுத்து இறக்கினார். எல்லா இலக்கமும் பொருந்துகிறது என்று சந்தோஷத்தில் இருந்தார். என்னைத் துடைத்துப் படம் எடுக்கச் சொன்னார். வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கும். அங்கேதான் அடிப்பார்கள். தின்னரில் துணியை நனைத்து ஒயிலையும் பெயின்டையும் எடுத்துவிட்டு, டோர்ச்சைப் படுக்கவைத்து வெளிச்சத்தைச் சரிவாகப் பாய்ச்சினேன். அசல் ப்ளொக்கில் தொழிற்சாலை மெஷின் சீவிய மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக, சீப்பால் வாரியது போல நேராக ஓடும். எழுத்து அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்கும். இதில் ஒரு கோடும் இல்லை. நகத்தால் தடவினேன், கண்ணாடி போல வழுக்கியது. ஒரு ஓரத்தில் மட்டும் வட்டமாகச் சுழன்ற கீறல். யாரோ பழைய இலக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். முதலாளி டோர்ச்சை என் கையிலிருந்து வாங்கி, கனநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விற்றவனைப் பிறகு பிடிக்கவே முடியவில்லை.

அப்புறம் வார்ப்புத் திகதி, அதாவது ப்ளொக்கை வார்த்த நாள். 427இல் அது ப்ளொக்கின் வலது பக்கத்தில் எழும்பி நிற்கும் எழுத்தாக இருக்கும். மாதத்துக்கு ஆங்கில எழுத்து: ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம். “சி 14 8” என்றால் 1968 மார்ச் 14. கார் முதன்முதல் விற்ற நாளுக்குப் பிறகு வார்த்த ப்ளொக் என்றால், டீலர் அதைப் போட்டு விற்றார் என்ற கதை அங்கேயே முடிந்தது. கையை விட்டுத் தொட இடம் போதாது. சின்னக் கண்ணாடி ஒன்றும் போனும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இனிக் கடதாசி. டீலர் செய்த வேலைக்கு டீலரின் கடதாசிதான் வேண்டும்: அந்தக் கராஜின் வேலைச் சீட்டு, முதல் விற்பனைப் பில், 427 என்று எழுதிய கட்டளைப் படிவம். செவ்ரோலே அந்த வருடங்களில் வாறண்டிப் புத்தகத்தோடு சிறிய உலோகத் தகடு ஒன்றும் கொடுத்தது. புரொடெக்ட்-ஓ-பிளேட் என்பார்கள். 1968 காரின் தகட்டில் 396இன் குறியீடு இருப்பதே முறை. அதில் 427 என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியது அந்தத் தகட்டைத்தான். தகடும் ஸ்டிக்கரும் இப்போது புதிதாகவே செய்து விற்கிறார்கள், அவற்றை மட்டும் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம்.

கார் முதலில் கனடாவில் விற்றதென்றால் தம்பிக்கு ஒரு வசதி உண்டு. கனடா ஜெனரல் மோட்டோர்ஸ் அங்கே விற்ற பழைய கார்களின் பதிவுகளை வைத்திருக்கிறது. கட்டணம் கட்டினால் பிரதி தருவார்கள். அதில் 427 வராது. ஆனால் எந்த எஞ்சினோடு வெளியே வந்தது, எந்த டீலருக்குப் போனது என்று வரும். ஆறு சிலிண்டரோடு பிறந்த கார் என்று வந்தால் மிச்சத்தைப் பேசவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு நம்பிக்கை மனிதர்கள் மேல்தான். விற்பவரிடம் அவருக்கு முந்தின உரிமையாளரின் பெயரைக் கேட்கட்டும், அவரிடம் அவருக்கு முந்தினவரை. 1968இல் இருபது வயதில் வாங்கியவர் இன்றும் உயிரோடு இருக்கலாம். அவர் வீட்டு அல்பத்தில், முற்றத்தில் நிற்கும் காரின் ஒரு மங்கிய போட்டோ இருந்தால், எனக்கு அது பத்து ஸ்டிக்கருக்கு மேல். ஒருவரையும் கேட்க விடாமல் விற்பவர் தடுத்தால், தம்பி திரும்பி வந்துவிடட்டும்.

இதெல்லாம் இல்லை, ஆனால் வண்டி நல்ல வண்டி என்றால்? வாங்கலாம், ஆசையாக ஓட்டலாம். எஞ்சின் மாற்றிய கமாரோ என்ற விலைக்கு மட்டும்.

கேள்வி: எங்கள் மாமா விட்டுப்போன 1967 மினி, கூப்பர் எஸ் 1275 என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொனட்டைத் திறந்து நானே பார்க்க ஏதாவது வழி உண்டா?
– வாசகர், கின்னியா

பதில்: தம்பி, சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களை எண்ணுங்கள். சாதாரண மினியில் 9. அந்தக் காலத்துக் கூப்பர் எஸ் ஹெட்டில் 11. கூடுதலான இரண்டும் ஹெட்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும். ஆனால் எஞ்சினைப் பிறகும் மாற்றியிருக்கலாம். ஆகவே சேசிஸ் இலக்கத்தை எழுதி, இங்கிலாந்தில் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டர் மியூசியத்துக்கு விண்ணப்பியுங்கள். முதல் எஞ்சின் இலக்கம், கட்டிய திகதி எல்லாம் உள்ள சான்றிதழை அவர்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள். கடல் காற்றில் தகடு அரித்துப் போயிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தீட்டுங்கள், இலக்கம் எழும்பி வரும்.