நாம் சாப்பிடுவது சிறுநீரகத்தில் உள்ள ஓமோன் ஏற்பிகளைப் பாதிக்குமா?

பாதிக்கும். எங்கள் வீட்டில் அதை அதிமதுரம்தான் காட்டித் தந்தது.

யாழ்ப்பாணத்து மாரிகாலம் வந்தால் அம்மாவுக்கு இருமல் விடாது. போன கார்த்திகையில் அதிமதுரத்தை இடித்து, கொத்தமல்லியோடு அவித்து, காலையும் மாலையும் குடிக்கத் தொடங்கினார். இருமல் குறைந்தது. ஆனால் தை பிறக்கும்போது பிரஷர் 170ஐத் தாண்டிவிட்டது. கணுக்காலில் வீக்கம். கிணற்றடியில் இருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர முடியாமல் பாதி வழியில் கால் சோர்ந்து இருந்துவிட்டார். மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு என்று வந்ததும் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, வீட்டில என்ன குடிநீர் அவிச்சுக் குடிக்கிறீங்கள்?"

அவர் விளக்கியது இது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கடைசிப் பகுதியில் அல்டொஸ்டெரோன் என்ற ஓமோனுக்கான ஏற்பிகள், அதாவது அது வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. அந்த ஓமோன் அங்கே வந்து ஒட்டினால் உப்பு உடலில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும். கோட்டிசோல் என்ற இன்னொரு ஓமோனும் அதே ஏற்பியில் அதே அளவு நன்றாக ஒட்டும். இரத்தத்தில் அது அல்டொஸ்டெரோனை விட நூறு மடங்குக்கும் மேலே இருக்கிறது. அதனால் அந்தக் கலங்களில் ஒரு நொதியம் படலையடியில் காவல் நிற்கிறது. வருகிற கோட்டிசோலை ஏற்பியில் ஒட்டாத கோட்டிசோனாக மாற்றிவிடும். அதிமதுரத்துக்கு இனிப்பைக் கொடுக்கும் கிளிசிரைசின் குடலில் மாறி உடலுக்குள் போய், இந்தக் காவலைத்தான் முடக்குகிறது. பிறகு கோட்டிசோலே ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும், அல்டொஸ்டெரோன் குறைவாக இருந்தாலும் ஏற்பி ஓயாது.

உப்பின் கதை வேறு. கருவாடும் ஊறுகாயும் கூடினால் உடல் அல்டொஸ்டெரோனைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். ஏற்பி ஏற்கெனவே தூண்டப்பட்டிருப்பவருக்கு அந்தச் சமாளிப்பு கிடையாது, அவருக்கு உப்பு இரட்டைக் கெடுதி. உலக சுகாதார அமைப்பு சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி கூட இல்லை.

அதிமதுரத்தை நிறுத்தி ஒரு மாதம் போக அம்மாவின் பொட்டாசியம் சரியாக வந்தது, பிரஷரும் பழைய நிலைக்கு இறங்கியது. ஐரோப்பாவில் கிளிசிரைசின் நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் வேரை அவிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று அடுப்படியில் யார் அளப்பது? பிரஷர் மாத்திரை, முக்கியமாக சிறுநீர் போக வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தினமும் குடிக்காதீர்கள். கிளினிக் போகும்போது மருந்துக் கொப்பியோடு, வீட்டில் அவிப்பதையும் சொல்லுங்கள். அம்மா இப்போது கொத்தமல்லியும் இஞ்சியும் மட்டும்தான் அவிக்கிறார்.