ஓர் அறைக்கு எவ்வளவு கார்பன்? கரன்ட் பில் மட்டும் போதாது

மதுரையில் 40 அறை ஹோட்டல், கம்பெனி வாடிக்கையாளர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கான கார்பன் அளவு கேட்கிறார், கரன்ட் கணக்கை 40 அறை, 365 நாளால் வகுத்தது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லைங்க. வருடத்தில் ஆள் தங்கிய அறை-இரவுகளின் எண்ணிக்கையால் மட்டும் வகுங்கள், ஹோட்டல்களின் கார்பனைக் கணக்கிடும் சர்வதேச முறையான ஹெச்.சி.எம்.ஐ. சொல்வது அதுதான். வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு: மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஜெனரேட்டர் டீசல் லிட்டருக்கு 2.7, 19 கிலோ கேஸ் சிலிண்டருக்கு ஏறக்குறைய 57 கிலோ. வெளியே துவைக்கக் கொடுக்கும் துணியும் சேரும். அப்புறம், பலரும் மறப்பது ஏசி கேஸ். ஆர்-410ஏ என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்! மெக்கானிக் கேஸ் நிரப்பிய பில்களை இன்றே தேடி எடுங்கள். குறைப்பு இலக்கு வைப்பதானாலும் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.