நாய்க்குப் பாசம் இல்லையா?

கேள்வி: சினிமாவில் யாராவது அழுதால் நாய் ஓடிவந்து மடியில் தலை வைக்கிறது. எங்கள் வீட்டு நாட்டு நாயோ, மகள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவுகிறது. அதற்குப் பாசம் இல்லையா?
– வாசகி, விருதுநகர்

பதில்: பாசம் இருக்கிறது, கட்டிப்பிடிப்பதுதான் பிடிக்கவில்லை. லண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 18 நாய்களை வைத்து நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஆள் பேசியபோதும் பாட்டு முணுமுணுத்தபோதும் வந்ததைவிட, அழுவதுபோல் நடித்தபோதுதான் நாய்கள் அதிகம் நெருங்கின. அழுதவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் அவரிடமே போயின. சினிமா நாய் சங்கதி வேறு. கேமராவுக்குப் பின்னால் பயிற்சியாளர் தீனியோடு நிற்பார்.

மடியில் தலை வைக்க உங்கள் நாயை நீங்களும் பழக்கலாம். மகள் அழாத, வீடு அமைதியான நேரத்தில் தரையில் கால் நீட்டி உட்காருங்கள். சுண்டுவிரல் நக அளவு வேகவைத்த கோழித் துண்டை (உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது) மூக்கருகே காட்டி, தொடைக்கு மேலே நகர்த்துங்கள். தாடை தொடையில் பட்ட நொடியே ‘சபாஷ்’ சொல்லித் துண்டைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால், தலையைத் தூக்கியதற்குத்தான் தீனி என்று நினைத்துக்கொள்ளும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நாளுக்கு 2 வேளை, 5 நிமிடம் போதும். தானாகத் தலை வைக்க ஆரம்பித்ததும் 2 நொடி, 5 நொடி, 10 நொடி கழித்துக் கொடுங்கள். பிறகு மகளை உட்காரவைத்துப் பொய்யாக விசும்பச் சொல்லுங்கள்.

தடவுவது நெஞ்சிலோ தோளிலோ இருக்கட்டும். உச்சந்தலையில் தட்ட வேண்டாம். 3 நொடி தடவிக் கையை எடுத்தபின் நாய் ஒட்டி வந்தால் தொடரலாம். தீனி இல்லாதபோதும் உதட்டை நக்குகிறதா, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறதா, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா, உடம்பு விறைக்கிறதா? ‘விடு’ என்கிறது. அப்போதும் கழுத்தை இறுக்கினால் உறுமும், அப்புறம் கடிக்கும். பக்கத்தில் இருப்பது குழந்தையின் முகம். உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கலாம்.

கேள்வி: மகாபாரதத்தில் தருமருடன் கடைசிவரை போன நாயின் பெயர் என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெயரே சொல்லப்படவில்லை. நாயாக வந்தது தருமதேவதை. நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்று இந்திரன் சொல்லியும் தருமர் மறுத்தார். கிரேக்கக் காவியமான ஒடிசியில் வரும் நாய்க்கு ஆர்கோஸ் என்று பெயர் உண்டு. 20 ஆண்டு கழித்து மாறுவேடத்தில் திரும்பிய எசமானைக் கண்டு வாலாட்டியது; எழுந்துவரத் தெம்பில்லை. குட்டு வெளிப்படக் கூடாதே என்று அவரும் கிட்டே போகாமல், கண்ணீரை மறைத்துத் துடைத்துக்கொண்டார்.